ஒன்றரை மணிப் பாறணை

சுருவில்
11.5.1980

அன்பு மகள் நாகபூசணிக்கு அம்மா எழுதுவது.

இங்கே என் சுகத்துக்குக் குறைவில்லை, அங்கே உன் சுகம் அறிய எழுதுகிறேன் என்றுதான் ஐந்து வருடமாக நாங்கள் இருவரும் தொடங்கி வருகிறோம். இந்த முறை அந்த வரியை எழுதிவிட்டு அழித்தேன், அதுதான் கடதாசியின் மேற்பக்கம் மை கலங்கிக் கிடக்கிறது. இங்கிலாந்தில் உன்னோடு அதே ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஜசிந்தா லீவில் ஊர்காவற்றுறைக்கு வந்து, நீ கொடுத்துவிட்ட சாமான்களைச் சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முன் கொண்டுவந்து தந்தாள். கம்பளிச் சால்வை நல்லது, இந்த வெயிலுக்கு அதை அலுமாரியில் வைத்திருக்கிறேன். பேச்சோடு பேச்சாக, போன வருடம் ஆனி மாதச் சைக்கிள் ஓட்டத்தில் நீ றோட்டோரம் மயங்கி விழுந்ததையும் ஒரு லொறிக்காரன் தூக்கி இருத்தியதையும் சொன்னாள். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னாள், அவளைக் கோபிக்காதே. நானும் தெரிந்தவள் போலவே தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனபின் நீ அந்த நாட்களில் எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். தடிமன், மூன்று நாள் லீவு, நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று இருக்கிறது.

அங்கத்தைய சைக்கிள்காரர் அந்த மயக்கத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம், பசி வந்து முட்டுவது என்று. ஜசிந்தா அதைச் சொன்னபோது எனக்கு உன் பதினாலாவது வயதுக் கந்தசஷ்டிதான் ஞாபகம் வந்தது. ஆறு நாளும் இளநீர் மட்டும் குடித்து விரதம் இருப்பேன் என்று நீ நின்றாய், வேண்டாம் என்று நான் சொன்னேன், அப்பா உன் பக்கம் நின்றார். ஆறாம் நாள் சூரன்போருக்குப் போன இடத்தில் கோயில் வீதி மணலில் நீ நடுங்கிக்கொண்டு சரிந்தாய். உடனே ஒருவர், "பிள்ளைக்கு உரு வந்திட்டுது, ஒருத்தரும் தொடாதேங்கோ" என்றார். பெயரே நயினாதீவு அம்மனின் பெயர், நாகபூசணி என்றதும் சொல்லவும் வேண்டுமா, மாமி அன்னபூரணம் கற்பூரத்துக்கு ஓடினாள், சனம் கையேந்திக்கொண்டு சுற்றி நின்றது, ஒரு மனுசி தன் மகனுக்குக் கப்பல் வேலை கிடைக்குமோ என்று உன்னிடம் கேட்டாள். நான் உள்ளே புகுந்து சீனியும் உப்பும் கரைத்த தண்ணீரைப் பருக்கினேன். பத்து நிமிடத்தில் அம்மன் இறங்கிவிட்டாள். அன்று முதல் ஊரில் எனக்கு நம்பிக்கையில்லாத ரீச்சர் என்று பெயர். அடுத்த நாள் காலை பாறணைக்கு, விரதம் முடித்த வாயோடு, நீ மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாய். அப்பா தன் சோற்றைச் சாப்பிடாமல் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது உன் பேணிக்கு வருகிறேன். ஓட்டத்தில் என்ன சாப்பிடுகிறாய் என்று தை மாதம் கேட்டதற்கு, எழுதி விளக்க நேரமில்லை, போத்தலில் கரைத்துக் குடிக்கிற மா ஒரு பேணி அனுப்புகிறேன் என்று எழுதினாய். வந்த பேணியைக் குசினித் தட்டில் வைத்தது என் பிழை. எங்கள் பழைய தலைமை வாத்தியார் சிவக்கொழுந்தர் வந்திருந்த நேரம் அன்னபூரணம் தேத்தண்ணி போடப் போனாள், வெளிநாட்டுப் பேணி என்றால் அவளுக்குப் பால்மாதான். மூன்று கரண்டி போட்டுக் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். அந்த மனிதர், பேணியில் ஒறேஞ்ச் என்று போட்டிருக்கிற தோடம்பழ வாசம் வீசும் தேத்தண்ணியை மரியாதைக்காகக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "இதென்ன ரீச்சர், லண்டன் தேயிலையோ? நல்லாத்தான் இருக்கு, ஆனால் இனி வேண்டாம்" என்றார். வாசலில் செருப்புப் போடும்போது, பிள்ளைக்கு அங்கே சோறு கிடைக்காதோ என்று மெல்லக் கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

பேணியில் அச்சடித்திருக்கிறது என்பதற்காக நான் ஒன்றை நம்புவதுமில்லை, அன்னியச் சாமான் என்பதற்காகத் தள்ளுவதுமில்லை. கொழும்பில் இரசாயனம் படித்தது அதற்குத்தான். சித்திரை விடுமுறையில் நாலு நாள் வேறொன்றும் சாப்பிடாமல் உன் மாவை மட்டும் அளவாகக் கரைத்துக் குடித்துப் பார்த்தேன். முதல் நாள் ஒன்றும் சொல்வதற்கில்லை, தலை தெளிவாக இருந்தது, பரீட்சைத் தாள் நாற்பது திருத்தினேன். இரண்டாம் நாளும் உடம்பு சொன்னபடி கேட்டது, நாக்குத்தான் மறுக்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் மத்தியானம் போத்தலைக் கண்டதும் வயிற்றைப் பிரட்டியது, பாதியை முற்றத்து வேம்புக்கு ஊற்றினேன். அப்போதுதான் உன் மயக்கம் எனக்கு விளங்கியது. ஏழாவது போத்தலுக்குப் பிறகு நீ குடிப்பதையே விட்டுவிட்டாய் என்று ஜசிந்தா சொன்னாள். பழுது மாவில் இல்லை, பிள்ளை. மா தன் வேலையைச் செய்யும். அதே இனிப்பை நாள் முழுவதும் விழுங்கு என்றால் மனித வாய் ஒரு இடத்தில் மாட்டேன் என்று நின்றுவிடும், அது நிற்கிற இடம் லொறி ஓடுகிற றோட்டாக இருந்தால்தான் ஆபத்து.

நாலாம் நாள் காலை அன்னபூரணம் பக்கத்து வளவிலிருந்து வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து நின்றாள். "மச்சாள், நாலு நாளா உங்கடை குசினியிலை புகையைக் காணேல்லை. சுகமில்லையோ?" என்று கேட்டாள். பரிசோதனை செய்கிறேன் என்று சொன்னேன். அவள் குசினிக்குள் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பாராமலே, "போன மாசமும் பரிசோதனை தானோ?" என்றாள்.

இதை உனக்கு எழுதுவதா விடுவதா என்று மூன்று கிழமை யோசித்தேன். அப்பா போனபின் ஒரு ஆளுக்காக உலை வைப்பது எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தால் வந்து கதிரையில் இருந்தால் எழும்ப மனம் வராது, தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கற்றும் போதும் என்று இருந்துவிடுவேன், சில கிழமைகளில் சோறு ஒரு நாள்தான். உன் பேணியைக் குடித்த நாலு நாளும் என் வழக்கமான நாட்களிலிருந்து அவ்வளவாக வேறுபடவில்லை என்பதுதான் நான் கண்ட உண்மை. அதையெல்லாம் மறைத்து, நானும் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்றுதான் மாதம் தவறாமல் உனக்கு எழுதினேன். நீ றோட்டில் விழுந்ததை மறைத்தாய் என்று கோபிக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது.

வருகிற ஜூன் 21 சனிக்கிழமை ஓட்டத்துக்குப் போகாதே என்று நான் எழுத மாட்டேன். பெட்டைப் பிள்ளையைத் தீவை விட்டுக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் படிக்க விடுவதோ என்று என் ஐயாவைக் கேட்ட வாய்களை நான் மறக்கவில்லை. நானூறு கிலோமீற்றர் என்றால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, மெயில் ரெயினே இரவு முழுவதும் ஓடுகிற தூரம். அதை இருபத்தேழு மணித்தியாலத்தில் மிதிக்கப் போகிறவள் இந்த முறையும் போத்தலை மட்டும் நம்பிப் போகிறாள், இறங்கிச் சாப்பிட நேரம் வீண், வயிறும் ஏற்காது என்று எழுதியிருக்கிறாள். அதைத்தான் நான் மறுக்கிறேன். தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவர்களும் பத்து மணிக்குப் பழந்தண்ணிதான் குடிக்கிறார்கள், ஆனால் அந்தச் சட்டியின் அடியில் சோறு கிடக்கும், கடிக்க வெங்காயம் இருக்கும், உப்பும் உறைப்பும் புளிப்பும் இருக்கும், அதனால் அடுத்த நாளும் அதையே கேட்பார்கள். போத்தலை விட்டுவிடு என்று சொல்லவில்லை. பேணியில் போட்டிருப்பதை விடக் கொஞ்சம் ஐதாகக் கரை, தடிப்பான சீனித்தண்ணீர் வயிற்றில் தேங்கி நின்று உடம்பின் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும், உனக்குப் பிரட்டியதற்குப் பாதிக் காரணம் அதுதான். வழியில் வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்க நிற்கிற இடங்களில் எல்லாம் ஏதாவது ஒன்றைக் கடித்துச் சாப்பிடு, பசிக்கு முன்னம் சாப்பிடு, பசித்த பிறகு என்றால் பிந்திவிட்டது. உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கு, இறுக்கிப் பிடித்த சோற்றுருண்டை, இரண்டும் உன் அறையிலேயே செய்யலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமைதான் முதல்முதல் சாப்பிட்டுப் பார்க்காதே, இப்போதிருந்தே சின்ன ஓட்டங்களில் வயிற்றைப் பழக்கு.

ஜசிந்தா வருகிற வெள்ளிக்கிழமை பயணம், அவளிடம் ஒரு பார்சல் கொடுத்திருக்கிறேன். பனம்பழக் களியைப் பிழிந்து பாயில் காயவைத்த பனாட்டு, பயற்றம் உருண்டை, கொஞ்சம் மோர்மிளகாய். எது குலுக்கலுக்குத் தாங்கும் என்று பார்க்க மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு குறிகட்டுவான் பஸ்ஸில் போய் வந்தேன், அந்த றோட்டைத் தாங்கினால் இங்கிலாந்தைத் தாங்கும். பயற்றம் உருண்டையில் பாதி மாவாகிவிட்டது, அதனால் மிச்சத்தைப் பஞ்சுக்குள் வைத்துக் கட்டியிருக்கிறேன். பனாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை விரல் அளவாக வெட்டிப் பொட்டலம் செய்திருக்கிறேன், மிதித்துக்கொண்டே மெல்லலாம், இனிப்பென்றாலும் உன் தோடம்பழ இனிப்பு அல்ல, கடைசியில் சின்னக் கசப்பு வரும், அது நாக்கை எழுப்பும். குறிகட்டுவான் துறைமுகத்தில், நயினாதீவு அம்மன் கோயிலுக்குச் சனத்தை ஏற்றுகிற லோஞ்ச் புறப்பட நின்றது. கூட்டத்தில் ஒருவர் என்னைத் தெரிந்தவராக, வாறியளோ ரீச்சர், இடம் இருக்கு என்று கூப்பிட்டார். அம்மனிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்து நின்றேன், லோஞ்ச் போய்விட்டது. திரும்பும் பஸ் வரும்வரை துறைமுகக் கல் ஒன்றில் இருந்து ஒரு துண்டு பனாட்டு சாப்பிட்டேன். பக்கத்தில் யாராவது இருந்தால் பாதியை முறித்துக் கொடுத்திருப்பேன்.

உன் இருபத்தேழு மணித்தியாலம் ஜூன் 22 ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு முடிகிறது. இங்கே அப்போது மத்தியானம் ஒன்றரை. அன்னபூரணத்துக்கு இப்போதே சொல்லிவிட்டேன், அன்று காலை பத்து மணிக்கே எங்கள் குசினியில் புகை எழும்பும், அவளும் வந்து உலைக்கு அரிசி போட வேண்டும் என்று. கத்தரிக்காய் பால்கறி, பருப்பு, முருங்கையிலை வறை, அப்பளம், உன் பாறணைக்கு அன்று அப்பா வாங்கி வந்த அதே மரக்கறிகள். ஒன்றரைக்கு நான் வாழையிலைக்கு முன்னால் இருப்பேன். நீ தூரத்தை முடித்தாலும் சரி, நடுவில் இறங்கினாலும் சரி, அந்த நேரத்தில் சூடாக ஒரு கோப்பைச் சாப்பாட்டுக்கு முன்னால் இரு. நான் விரதங்களை நம்புவதில்லை, ஆனால் பாறணையை நம்புகிறேன்.

கலியாணப் பேச்சு, காணி வேலி, பள்ளிக்கூட வம்பு ஒன்றும் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை, அவை எங்கும் போகப் போவதில்லை. சைக்கிள் விளக்குக்கு மேலதிகமாக ஒரு சோடி பற்றரி வைத்துக்கொள். நீ போகிற பாதையெல்லாம் சமதரையாகவும் காற்று முதுகுப் பக்கமாகவும் இருக்க அம்மாவின் ஆசி. இனி எழுதும்போது நன்றாகச் சாப்பிடுகிறேன் என்ற வரி இருவருக்கும் வேண்டாம். என்ன சாப்பிட்டோம் என்று பெயர் சொல்லி எழுதுவோம், ஒன்றும் சாப்பிடாத நாள் என்றால் அதையும் எழுதுவோம். நான் தொடங்குகிறேன். இன்று மத்தியானம் சோறும் முருங்கைக்காய்க் குழம்பும். குழம்பு நேற்றையது. சோறு இன்று வடித்தது.

உன் அம்மா
இராசமணி