இரண்டு காடி

மச்சான்,

நேற்று கடலூரில் என் கால் புண்ணுக்குக் கட்டு மாற்றினார்கள். பழைய துணி சதையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் அதைப் பிய்த்தபோது நான் போட்ட சத்தத்தில் உன் வாப்பாவின் குரல் கேட்டது. கிள்ளையில் அவருடைய சர்க்கரைப் புண்ணுக்கு நீ கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் தெருமுனை வரை கேட்குமே, அதே குரல்.

அதற்காகத்தானே அறுபதுகளில் சிதம்பரத்தில் நாம் இருவரும் முனைவர் ஆய்வு என்று இறங்கினோம். இறால் ஓட்டிலிருந்து, புண்ணில் ஒட்டிக்கொள்ளாத மெல்லிய படலம் செய்ய வேண்டும். வேதியியல் உனக்கு, படலத்தின் வலுவும் வளைவும் எனக்கு. வைத்தியம் மட்டும் வாப்பாவுக்கு என்பாய். ஓட்டு மூட்டையோடு நீ ரயிலேறினால் பெட்டியே காலியாகும். "மீன்கூடக்காரம்மாவே மூக்கப் பொத்துறாங்க மச்சான்!" என்று சிரித்துக்கொண்டே வருவாய். ஆனால் ஓட்டை ஆய்வக அமிலத்தில் ஊறவைத்து நாம் செய்த படலமெல்லாம் அப்பளமாக நொறுங்கியது.

பொங்கலுக்கு ஆய்வகத்தைப் பூட்டும் நேரத்தில் மூட்டையை என் கையில் திணித்தாய். "லீவுல சும்மா கெடக்க வேணாம். உங்க வூட்டுல காடி இருக்கும்ல, அதுல ஊறப்போடு."

உங்கள் வீட்டில் காடி என்றால் சமையலுக்கு ஊற்றும் வினிகர். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டில் காடி என்றால் மாட்டுக்கு வைக்கும் புளித்த கஞ்சித் தண்ணீர். ஆய்வு மாணவன் என்ற பெயர்தான். எந்தக் காடி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

விடுமுறை முடிந்து நான் கொண்டுவந்த பானையைத் திறந்த நீ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாய். "மாட்டுக் காடியா? அட பாவி, நான் சொன்னது வினிகருடா!" பிறகு ஓட்டைத் தொட்டுப் பார்த்தாய். சுண்ணாம்பெல்லாம் மெல்லக் கரைந்து, ஓடு துணிபோல் மடங்கியது. அதில் செய்த படலம் நொறுங்கவே இல்லை.

நம் கைகளில் வைத்துப் பார்த்த பிறகுதான் வாப்பாவின் காலில் வைத்தாய். மறுநாள் அதை எடுக்கும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். "இன்னும் எடுக்கலியாப்பா?" என்றார். படலம் உன் கையில் இருந்தது. உன் முகத்தை அப்படி ஒரு வெளிச்சத்தில் அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

அந்தக் கோடையில் வாப்பா போய்விட்டார். தங்கைகளைக் கரையேற்ற நீ பினாங்கில் மாமாவின் துணிக்கடைக்குக் கப்பலேறினாய். "நீ முடிச்சிடு மச்சான். வாப்பா சத்தம் போடாத அந்த ஒரு நாளு எனக்குப் போதும்." முடித்தேன், பட்டமும் வாங்கினேன், அதே ஆய்வகத்தில் வேலைக்கும் சேர்ந்தேன். படலத்தைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்க உன் பிடிவாதம் வேண்டும். அது பினாங்கில் துணி மடித்துக்கொண்டிருந்தது. நீ திரும்பி வருவாய் என்று உன் மேசையை யாருக்கும் விடாமல் வைத்திருந்தேன். கடைசியில் உன் சாவுச் செய்திதான் வந்தது. உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, அவ்வளவுதான்.

மாட்டை விற்று வெகு காலமாகிறது. கிள்ளையில் உன் வீட்டு அடுப்பும் இல்லை. காடிக்கு இரண்டு அர்த்தம் என்று நினைத்துச் சிரிக்க ஒருவன்தான் மிச்சம். அவனுக்குத்தான் இன்றைக்குக் கால் வலிக்கிறது, மச்சான்.