அரை மாத்திரை உகரம்

வில்லாபுரம், மதுரை
புதன்கிழமை

அன்புள்ள முனீஸ்வரிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் பாப்பாவும் நலம் என்று உன் அண்ணன் அழகுபாண்டி சொன்னார். உன் மஸ்கட் முகவரி கேட்டுப் போன ஞாயிறு பேரையூர் போயிருந்தேன். "என்னத்தா, கடுதாசியா? கோர்ட்டு நோட்டீஸு எதுவும் அனுப்புறியா? வாட்ஸப்புல ஒரு தட்டு தட்டுனா போகாதா?" என்று சிரித்தார். மோர் கொடுத்தார்கள். அங்கே மழை இல்லை. உங்கள் கிணற்றில் மோட்டார் கால் மணி நேரம்தான் ஓடுகிறதாம்.

பாப்பாவுக்கு ஆங்கிலம் சொல்லித்தரச் சொல்லி நீ குரல் செய்தி அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. "என்னைய மாதிரி அவளும் சிரிப்புக்கு ஆளாயிரக் கூடாது சத்யா. வெளிநாட்டுக்காரவுகளுக்கே சொல்லித் தர்றவ நீ." அதைப் பலமுறை போட்டுக் கேட்டேன். பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று நீ நினைத்திருப்பாய்.

வேலை போய்விட்டது.

நான் சொல்லித்தந்தது டச்சுக்காரர்களுக்கு. இணையத்தில், உச்சரிப்பு மட்டும். நிறுவனத்தின் பக்கத்தில் என் பெயர் சாரா. தாய்மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று போட்டிருந்தேன். யாரும் போடச் சொல்லவில்லை. நானாகத்தான் போட்டேன்.

டச்சுக்காரர்களுக்கு ஒரு சிக்கல். ஆங்கிலச் சொல்லின் முடிவில் மெலிந்து ஒலிக்க வேண்டியதைக் கெட்டியாக்கிவிடுவார்கள். கட்டில் (bed) பந்தயம் (bet) ஆகிவிடும். நாய் (dog) கப்பல்துறை (dock) ஆகிவிடும். தமிழில் அதை உனக்கு எழுதிக் காட்டவும் முடியாது. நாம் எழுதினால் அதுவும் பெட், இதுவும் பெட்.

வில்லெம் என்று ஒருவர். அறுபத்திரண்டு வயது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மகளுக்கு இங்கிலாந்தில் கல்யாணம். விருந்தில் பெண்ணின் அப்பா எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும், அங்கே அப்படி வழக்கம். என் குழந்தையை நினைத்துப் பெருமைப்படுகிறேன். இந்த ஒரு வரிக்காகத்தான் என்னிடம் வந்தார். ப்ரவுட், சைல்ட். இரண்டும் அவர் வாயில் கெட்டியாகவே முடிந்தன. மூன்று வாரம் போனது. நாக்கை உடனே பூட்டாதீர்கள், கொஞ்சம் விட்டுப் பிடியுங்கள், நான் சொல்வதைக் கேட்டு அப்படியே சொல்லுங்கள் என்றேன். அப்படியே சொன்னார். அருமை என்றேன்.

ப்ரவுடு. சைல்டு.

குற்றியலுகரம். பள்ளியில் மனப்பாடம் செய்தோமே. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் நிற்காது. ஓர் உகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். அரை மாத்திரை. கண்ணாடி முன் நின்று வருடக்கணக்கில் என் வாயிலிருந்து அதைப் பிடுங்கியிருந்தேன். பிடுங்கிவிட்டதாக நம்பியிருந்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, அவர் முழு உரையையும் சொல்லிக் காட்டியபோது அந்த உகரம் என் காதில் விழுந்துவிட்டது. திருத்தியிருக்கலாம். திருத்தினால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். சாராவுக்கு அது எப்படி வரும்? பேசாமல் இருந்துவிட்டேன்.

வீடியோ அனுப்பினார். ப்ரவுடு என்றதும் ஒரு மேசை சிரித்தது. சைல்டு என்றதும் கூடமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரிக்கிறார், எதற்கென்று தெரியாமல். கீழே எழுதியிருந்தார்: எல்லோரும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் பாருங்கள், நன்றி சாரா.

பத்து நாள் கழித்து இன்னொரு செய்தி. மருமகனும் அவன் நண்பர்களும் அவரை 'ப்ரவுடு' என்றே கூப்பிடுகிறார்களாம். மகளிடம் கேட்டால் ஒன்றுமில்லை அப்பா என்கிறாளாம். நான் ஏதாவது தவறாகச் சொன்னேனா என்று கேட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் சொல்லிவிட்டேன். தவறு என்னுடையது. என் பெயர் சத்யப்ரியா. ஊர் மதுரை. தாய்மொழி தமிழ். உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். ஒரு வாரம் முன்பே என்றேன். கத்தவில்லை. திருத்திக்கொள்ள ஒரு வாரம் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். நிறுவனத்துக்கும் நானே எழுதினேன். என் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல மடிக்கணினி முன் உட்கார்ந்துகொள்கிறேன்.

இதுவரை எழுதியது சுலபம், முனீஸ்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் கட்டுரை வாசிக்க எழுந்து 'குட்டு மார்னிங்கு' என்று ஆரம்பித்தாய். மறுநாளிலிருந்து உன் பெயர் குட்டு. "ஏய் குட்டு, டீ குடிக்க வாரியா?" "பஸ்ஸு வந்துருச்சு குட்டு, ஓடு ஓடு." நம் வகுப்பு ராஜஸ்ரீ வைத்த பெயர் என்று இன்றுவரை நம்புகிறாய். கே.கே. நகர் வீடு, கான்வென்ட் படிப்பு. அவளாகத்தான் இருக்கும் என்று.

நான் வைத்தது.

கேன்டீனில் நீ இல்லாத நேரம் உன்னைப் போலப் பேசிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். வில்லாபுரத்துக்காரி என் ஆங்கிலத்தை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. அதற்காகத்தான் செய்தேன். சாயங்காலம் நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். "நீ ஒருத்திதான்டி சிரிக்கல" என்றாய். நான் உன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் ஆண்டுக்கு நீ வரவில்லை. உனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று எல்லோரிடமும் கதை கட்டியதும் நான்தான். அதற்கு நாலு வருடம் கழித்துத்தான் உனக்குக் கல்யாணம் நடந்தது. பந்தியில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து உன் வீட்டுக்காரரிடம், காலேஜில் எனக்கு இருந்த ஒரே ஆள் இவள்தான் என்றாய். நானும் தலையாட்டினேன்.

பாப்பாவுக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்பதை இதைப் படித்த பிறகு முடிவு செய். நான் வேண்டாம் என்றால் காரணம் எழுத வேண்டியதில்லை. அவள் நன்றாக இருக்க வேண்டும். வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கி, பயமில்லாமல், வாய் நிறையப் பேச வேண்டும்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். திட்டுவதானாலும் கடிதத்தில் திட்டு. போன் செய்யாதே. உன் குரல் கேட்டதும் என் காது ஒவ்வொரு சொல்லின் கடைசிக்குத்தான் முதலில் போகும். அதை நிறுத்த எனக்கு இன்னும் தெரியவில்லை.

சத்யப்ரியா