பூவராகவனின் குதிரை

ஜூன் 6, வெள்ளி
ஜரிகைக் கடை மாடியில் இருக்கும் எங்கள் செஸ் கிளப்பின் செயலாளர் பூவராகவன் இன்றும் என் காய்களை ஒழுங்குபடுத்தினார். ஆட்டம் எனக்கும் கிளப் தோழி துர்காவுக்கும். இவர் வேடிக்கை பார்க்க வந்தவர். குதிரைகளின் மூக்கு நேராக எதிரியைப் பார்க்க வேண்டுமாம். சின்ன காஞ்சிபுரத்தில் அவருடைய பெயிண்ட் கடையில் டப்பாக்கள்கூட அப்படித்தான் நிற்கும்.

ஜூன் 8, ஞாயிறு
கிளப் டோர்னமென்டின் கடைசிச் சுற்று அடுத்த ஞாயிறு. எனக்கு எதிரே பூவராகவன். ஜெயிப்பவருக்குச் சென்னை செல்லும் அணியில் மிச்சமிருக்கும் ஒரே இடம்.
"போன வருஷமே சொன்னேனேமா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு" என்கிறார். அணியில் இடம் கேட்டால் ஐந்து வருஷமாக அதே அடுத்த வருஷம். எனக்கு அந்த இடம் வேண்டும். வெட்கமில்லாமல் வேண்டும்.

ஜூன் 11
நான் வேலை பார்க்கும் லேபில் ரத்தம் எடுக்கும்போதும் மனதில் ஓப்பனிங்தான் ஓடுகிறது. ஊசி குத்திக்கொண்டவர் என்னைவிட நிதானமாக இருந்தார்.

ஜூன் 15, காலை
கணவரின் வாழ்த்து: "ஜெயிச்சா பிரியாணி வாங்கலாம், தோத்தா நீ சமைக்கணும். எனக்கோசரம் ஜெயிச்சுடு சுகா."

ஜூன் 15, மாலை
தோற்றேன். எப்படி? வாயால்.
ஒரு பிஷப் எனக்குக் கூடுதல். அவர் முகம் தொங்கிவிட்டது. யோசித்துக்கொண்டே, கைப்பழக்கத்தில், தன் குதிரையின் மூக்கைத் திருப்பினார். "சரிபண்றேன்" என்று முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லாமல் தொட்டால் அந்தக் காயைத்தான் ஆட வேண்டும் — கிளப்புக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இதைப் பாடம் நடத்துகிறவரே இவர்தான்! நடுவரைக் கூப்பிட்டேன்.
"நேரா வெச்சேன் சார், அவ்ளோதான். யானையத்தான் ஆடப் போறேன்."
"தொட்டாச்சு சார், ஆடணும்" என்றேன். எவ்வளவு சந்தோஷம் எனக்கு! நடுவரும் ஆடச் சொல்லிவிட்டார்.
அந்தக் குதிரைக்கு இரண்டே கட்டங்கள். ஒன்றில் சும்மா வெட்டுப்படும். பாவமாக மற்றதில் வைத்தார். செக்! கூடவே என் ராணிக்கும் குறி; ராஜாவை நகர்த்தினால் ராணி போச்சு. சிப்பாயால் குதிரையை வெட்டினால், அவருடைய யானைக்கு வழி திறந்து மேட். அட பாவி மனுஷா... அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

ஜூன் 16
உப்புமா.

ஜூன் 22, ஞாயிறு
பூவராகவன் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த ஆட்டத்தைப் பலகையில் ஆடிக் காட்டுகிறார். "வேணும்னேதான்பா தொட்டேன். அவங்க மாட்டிக்கினாங்க."
என்னைப் பார்த்ததும் ஓரமாக வந்தார். "சத்தியமா அந்த மூவ பாக்கவே இல்லமா. நீ சொல்லலன்னா யானையத்தான் ஆடியிருப்பேன். யார்கிட்டயும் சொல்லிடாதே."
சொல்வேனா? அவர் கெட்டிக்காரத்தனத்தில் தோற்றேன் என்றே ஊர் நினைக்கட்டும். என் கெட்டிக்காரத்தனத்தில் தோற்றது எங்கள் இருவரோடு போகட்டும்.