ஆடி மாதத்து நீல மலை

இன்று காலை அலமாரியின் அடித்தட்டில் நீ தூரிகை துடைத்த துணி ஒன்று கிடைத்தது. விரித்ததும் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடி. நீ உன் ஊருக்குப் போய் ஒரு வருடமாகியும் அது போகவில்லை. துணியில் நீலத்தின் மேல் வெள்ளைக் கறை. எந்த நாளின் கறை என்று எனக்குத் தெரியும்.

ஐரோப்பாவின் வடகோடிக் கடலோர ஊரிலிருந்து நீ கொல்லிமலைக்கு வந்திருந்த ஆடி மாதம் அது. வாழவந்தி நாடு என்ற மலைக் கிராமத்தில், செல்லம்மாக்கா வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கி இருவரும் வரைந்தோம். ஓவியர் முகாமில் தொடங்கிய பதினைந்து வருட நட்பு. ஆனாலும் உன் படங்களில் மூடுபனி ஏன் வருவதேயில்லை என்பதை அங்கேதான் சொன்னாய். உனக்கு ஏழு வயதில், மூடுபனி இறங்கிய ஒரு காலையில் உன் அப்பா படகில் போனார்; திரும்பவில்லை. "எனக்கு அது பனியில்லை, அப்பாவை உள்ளே வைத்துச் சாத்திய கதவு" என்றாய்.

மலையிலோ நாள் முழுக்க மேகம். அது விலகும் சில நிமிடங்களுக்குக் காத்திருந்து, துண்டு துண்டாகப் பார்த்து, பத்து நாளில் ஒரு படத்தை முடித்தாய். பொட்டு மேகமில்லாத நீல வானம். மரம் மரமாகத் துலங்கும் மலை. உன் படங்களிலேயே மகிழ்ச்சியானது இதுதான் என்று இருவருமே நினைத்தோம்.

மிளகுக் கொடி கட்டிவிட்டு வந்த செல்லம்மாக்கா படத்தின் முன் நின்றார். முகம் சுருங்கியது.

"ஏனுங்க, இப்படி வயித்துல புளியக் கரைக்கிறீங்க? ஆடியில வானம் வெளுத்துக் கெடந்தா மொளகு எப்படிப் புடிக்கும்? மழ இல்லாத வருசந்தான் மல இப்படி நின்னுச்சு. கண்ணு, மேகத்த எங்க ஒளிச்சு வெச்சுப்புட்டீங்க?"

மொழிபெயர்த்தேன். சிரிப்பாய் என்று நினைத்தேன், நீ உட்கார்ந்துவிட்டாய். நிம்மதி என்று நீ வரைந்தது அவருக்குப் பஞ்சமாகத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் வெள்ளையைக் குழைத்தாய். பத்து நாள் உழைப்பை உச்சியிலிருந்து மூடிக்கொண்டே வந்தாய். கடைசியில் ஒரு மரத்தின் அடியும் ஒற்றையடிப் பாதையின் முனையும்தான் மிஞ்சின.

செல்லம்மாக்கா வந்து பார்த்தார். பனிக்கு மூடுவதுபோல முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். நின்றது அறைக்குள், வெளியே அப்போது அபூர்வமாக வெயில். எனக்குப் புல்லரித்தது.

"இப்பத்தான் சாமி இது எங்கூரு" என்றார். பிறகு இன்னும் குனிந்து, "அந்தத் தடத்துல ஆரோ வார மாதிரி இருக்குதுங்க."

அதையும் உனக்குச் சொன்னேன். வெகுநேரம் அந்த வெள்ளையையே பார்த்திருந்தாய். "இத்தனை வருஷத்தில் மூடுபனிக்குள் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை" என்றாய்.

இப்போதெல்லாம் எந்த ஊர் மலையை வரையப் போனாலும் முதல் நாள் வண்ணப் பெட்டியைத் திறப்பதில்லை. அங்கே பயிர் வைத்திருக்கும் யாரையாவது தேடிப் போகிறேன். "வானம் எப்படி இருந்தா உங்களுக்கு நல்லதுங்க?" என்று கேட்கிறேன். அவர் தலை தூக்கிப் பார்க்கும் பக்கமே நானும் பார்க்கிறேன்.