இப்போதைக்கு மட்டும்

லெக்சிங்டன்
3 மார்ச் 2011

அன்புள்ள லோர்னா அக்காவுக்கு,

சிகிச்சை இல்லத்தில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதனால் கடிதம். முதுகு ஆபரேஷனுக்குக் கொடுத்த வலி மாத்திரை என்னை இப்படிப் பிடித்து ஆட்டும் என்று யார் கண்டது? கை நடுக்கம் குறைந்திருக்கிறது.

நீ அனுப்பிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என் மகள் டீலியாவை உன் ஊர்ப் பள்ளியில் சேர்க்கவும் டாக்டரிடம் காட்டவும் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றாய். 'தற்காலிகப் பொறுப்பு' என்றுதானே இருக்கிறது, அது போதும். கார்ன்பிரெட் சுட்டால் அந்தச் சோள ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துக் கொடு, நடுவைத் தொடமாட்டாள். தூங்கும் முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லு.

உன் ரோண்டா

19 மே 2011

என் செல்லத் தங்கைக்கு,

டீலியா நலம். உன் அத்தான் வெர்னனின் டிராக்டரை விட்டு இறங்குவதில்லை. பிள்ளை இல்லாத வீடு என்று அவர் புலம்புவாரே, இப்போது அந்தப் பேச்சே இல்லை. காலி அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தோம்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நீ வந்துபோன அன்று, "அம்மா ஏன் என்ன விட்டுட்டுப் போச்சு பெரியம்மா?" என்று விடிய விடிய அழுதாள். வருவதும் வராததும் உன் இஷ்டம். பணம், துணி எதுவும் அனுப்பாதே. உன்னிடம் இருப்பதே கொஞ்சம்.

லோர்னா

11 செப்டம்பர் 2011

அன்புள்ள அக்கா,

குணமாகிவிட்டேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை, தனி அறை எல்லாம் கிடைத்தாயிற்று. டீலியாவைக் கூட்டிவர மனசு அடித்துக்கொள்கிறது. "ஸ்கூல் வருஷம் முடியட்டும்டி, நடுவுல புடுங்குனா பிள்ள வாடிப்போகும்" என்று நேற்று போனில் சொன்னாய். யோசித்தால் சரிதான். அவள் அழக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வராமல் இருக்கிறேன். நீ இல்லாவிட்டால் என் பிள்ளை முகம் தெரியாதவர் வீட்டில் வளர்ந்திருக்கும். உனக்கு நான் என்ன செய்யப்போகிறேன்.

உன் ரோண்டா

8 ஜூன் 2012

ரோண்டா,

நீதிமன்றத்தில் அப்படி முறைத்தாயே, நான் பொய்யா சொன்னேன்? ஒரு வருஷமாய் யார் வளர்த்தது, யார் செலவு செய்தது, பெற்றவள் எத்தனை தடவை வந்தாள் என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன். முழு வருஷம் வளர்த்தவளைப் பெற்றவளுக்குச் சமமாக வைக்கிறது இந்த மாநிலச் சட்டம். அதை நானா எழுதினேன்? "நீதானடி வராதேன்ன" என்று வாசலில் கத்தினாய். நான் எங்கே சொன்னேன்? உன் இஷ்டம் என்றேன். அந்த வருஷத்துக்குள் பிள்ளையைத் திருப்பிக் கேட்டு ஒரு மனுப் போடவிடாமல் உன் கையை யார் பிடித்தார்கள்?

பிள்ளை இனி என்னிடம்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. மாதம் ஒரு சனிக்கிழமை சர்ச் கூடத்தில் பார்க்கலாம். நானும் இருப்பேன். அழுது தொலைக்காதே, பிள்ளை பயப்படும்.

லோர்னா

16 ஜூலை 2012

அக்கா,

சனிக்கிழமை கார்ன்பிரெட் சுட்டுக்கொண்டு வந்தேன். ஓரத்தைப் பிய்த்து நீட்டினேன். "எனக்கு நடுவுதான் புடிக்கும் சித்தி. ஓரம் அம்மாவுக்கு" என்று சொல்லிவிட்டு உன்னிடம் ஓடிவந்தாள். நீ வாங்கித் தின்றாய்.

நான் அழவில்லை, பார்த்தாயல்லவா. என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும். அடுத்த மாதமும் வருவேன் என்று மட்டும் அவளிடம் சொல்லு.

ரோண்டா

24 ஜூலை 2012

ரோண்டா,

சொன்னேன். "சரி" என்றாள். உடனே டிராக்டருக்கு ஓடிவிட்டாள். நீ போன பிறகு இந்தத் தடவை அழவே இல்லை, நன்றாகத் தூங்கினாள். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

லோர்னா