ஏழு கூடங்களுக்கு ஒரு வெந்நீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதாவிட்டால் கடிதம் நகராது என்பதால் எழுதி வைக்கிறேன், எவ்வளவு சுகம் என்பது மேலே படித்தால் உனக்கே தெரிந்துவிடும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள், அம்மா, நான் சொல்றதை முதல்ல கேளும்மா என்று நீ நடுவில் புகுந்துவிடுகிறாய், நான் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடுகிறது. காகிதம் குறுக்கே பேசாது.

உன் அப்பாவுக்கு இருமல் விட்டபாடில்லை. டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டு, புகை இருக்கிற இடத்துல போய் நிக்காதீங்க என்றாராம். அதற்கு இவர், நான் எங்கே டாக்டர் போய் நிக்கிறேன், அதுதான் என்னைத் தேடி வந்து நிக்குது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை. மாடி ஜன்னலைப் பகலிலும் சாத்தியே வைத்திருக்கிறேன். குட்டிக்குப் பல் விழுந்த படம் பார்த்தேன், அந்தப் பொக்கை வாயைப் பார்த்துச் சிரித்ததுதான் இந்த மாதத்தில் நான் சிரித்த சிரிப்பு. பல் முளைக்கிற வரை அவளைக் கேலி செய்யாமல் இருங்கள், மாப்பிள்ளையிடமும் சொல்.

நேற்று உன் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். நல்ல மரியாதையான பெண். அடுத்த மாதம் பெரிய கூட்டமாம், பல கம்பெனிகள் கைகோத்து, கரிப்புகை இல்லாத கருவிகளைச் சீக்கிரமாக எல்லா இடத்துக்கும் கொண்டுபோவது எப்படி என்று பேசப் போகிறார்களாம். அதில் நம் சலவைத் தெருதான் முன்மாதிரியாம். ஏழு சலவைக் கூடமும் எப்படி ஒத்துமையா மாறினீங்கன்னு உங்க வாயால சொன்னாப் போதும்மா என்றாள். மேடைக்குப் பின்னால் நம் தெருக்காரர்கள் சிரித்துக்கொண்டு நிற்கிற படத்தைச் சுவர் அளவுக்கு மாட்டப் போகிறார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒத்துமை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீ எங்கள் எல்லாரையும் நம் இஸ்திரி அறையில் உட்கார வைத்துத் திரையில் பேசினாயே, அன்றிலிருந்து சொல்கிறேன். ஆளுக்கொரு எண்ணெய் பாய்லர் எதற்கு, ஏழு கூடத்துக்கும் பொதுவாக மின்சாரத்தில் ஓடுகிற ஒரே வெந்நீர் இயந்திரம், குழாய் போட்டு ஆளாளுக்கு எடுத்துக்கொள்ளலாம், இயந்திரக் கம்பெனியும், நமக்குத் துணி போடுகிற ஆஸ்பத்திரியும் ஹோட்டலும் கூடவே நிற்கும் என்றாய். கஞ்சி அண்ணன்கூடத் தலையாட்டினார். துணிக்குக் கஞ்சி போட்டுப் போட்டு மனுஷரே விறைத்துப்போனவர், அவர் தலை ஆடியதே அன்றைக்குத்தான் பார்த்தேன். மூலையில் ஆளுக்கொரு கூடம் வைத்திருக்கிற அண்ணன் தம்பி இருவரும் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவர்கள், அவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, என் பெண் பேச்சுக்கு ஒரு தெருவே அசைகிறது என்று. இயந்திரத்தை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது நம் கொல்லையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று முந்திக்கொண்டவளும் நான்தான்.

பழைய பாய்லர்களை என்ன செய்வது என்று கேட்டபோது நீ அவர்களிடம் என்ன சொன்னாய், அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும், அவசரத்துக்கு உதவும் என்றாய். கட்டாயப்படுத்தினால் சேரமாட்டார்கள் என்று உன் கணக்கு. அன்று சாயங்காலமே எனக்குத் தனியாகப் போன் செய்து, நம்ம பாய்லரை மட்டும் எடுத்துடும்மா, நாம முதல்ல எடுத்தாத்தான் அவங்களுக்கு நம்பிக்கை வரும் என்றாய். ஆள் வந்து அதைத் துண்டு துண்டாக அறுத்து வண்டியில் ஏற்றியபோது உன் அப்பா கூடவே வாசல் வரை போய் நின்றுவிட்டு வந்தார். மற்ற ஆறு பேரும் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள். போய் என்ன செய்தார்கள் தெரியுமா, அவரவர் பாய்லருக்கு நல்ல தார்ப்பாயாக வாங்கிப் போர்த்தினார்கள்.

இயந்திரத்தை நான் குறை சொல்லவே மாட்டேன். ஏழு கூடமும் எடுத்தவரை சொன்ன சூட்டில் சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் வந்தது. ஹோட்டலில் கல்யாணக் கூட்டம் என்று ஒரே நாளில் மலையாகத் துணி வந்தபோது கஞ்சி அண்ணன், இன்னைக்கு ஒரு நாள் மட்டும் என்று தார்ப்பாயை விலக்கினார். அவர் கூரையில் புகையைப் பார்த்ததும் எதிர்க் கூடத்துக்காரர், அவரே போயிட்டார், நான் மட்டும் இதை நம்பி எதுக்கு இருக்கணும் என்று பற்றவைத்தார். யாரும் யாரையும் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒருத்தர் கூரையை ஒருத்தர் அண்ணாந்து பார்த்தே முடிவு கட்டிவிட்டார்கள். பேசாத அண்ணன் தம்பியும் அதில் மட்டும் ஒன்றாகத்தான் போனார்கள். ஒரே வாரத்தில் தெரு பழையபடி கறுத்துவிட்டது.

ஏழு பேருக்கென்று செய்த இயந்திரம், நாங்கள் மட்டும் எடுத்தால் அதற்குப் பிடிக்கவில்லை, ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. தண்ணீர் கை பொறுக்கிற சூட்டில்தான் வருகிறது. ஆஸ்பத்திரித் துணி அதில் சுத்தமாகுமா? இரண்டு முறை மூட்டையைப் பிரித்த கையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். துணிப் பொறுப்பில் இருக்கிற அம்மா நல்லவர்தான், கறை இருந்தா நான் என்னக்கா பண்ணட்டும், மூணாவது தடவை ஆனா வேற கூடத்துக்குக் கொடுத்துடுவாங்க என்றார். வேறு கூடம் என்றால் கஞ்சி அண்ணன்தான். எண்ணெயில் கொதிக்க வைத்து அவர் வெளுத்துக் கொடுப்பார். உன் கம்பெனியோடு கைகோத்த அதே ஆஸ்பத்திரி வாங்கிக்கொள்ளும். நம் கூடத்தில் வேலை செய்கிற நாலு பெண்களும் என் முகத்தையே பார்க்கிறார்கள். இதை உன்னிடம் சொன்னபோது, ஆரம்பத்துல அப்படித்தாம்மா இருக்கும், தானா சரியாயிடும் என்றாய்.

போன மாதம் ஒரு காலையில் எழுந்து பார்க்கிறேன், தெருவில் புகையே இல்லை. உன் அப்பா மாடி ஜன்னலைத் திறந்துவிட்டு நிற்கிறார். கொல்லைக்கு ஓடிப்போய்க் குழாயைத் தொட்டால் கை வெந்துவிட்டது, அப்படி ஒரு சூடு. ஏழு குழாயிலும் தண்ணீர் போகிற சத்தம். மனம் மாறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன் மகளே. அன்றைக்குப் படம் எடுக்க ஆள் வரும் என்று உன் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள், தேய்த்து வைத்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்தேன். படம் எடுக்கிறவர் வந்தார், கஞ்சி அண்ணன் என் பக்கத்திலேயே நின்றார், எல்லாரும் சிரித்தோம். நான் சிரித்தது நிஜச் சிரிப்பு. படக்காரர் கிளம்பிப்போய்ச் சாப்பாட்டு வேளை ஆவதற்குள் முதல் கூரையில் புகை வந்துவிட்டது. என்னண்ணே இது என்று போய்க் கேட்டேன். கஞ்சி அண்ணன் கொஞ்சமும் கூசாமல், உங்க பொண்ணுதாம்மா போன் பண்ணிச்சு, படம் எடுக்கிற வரைக்கும் அணைச்சு வைங்க மாமான்னு கெஞ்சிச்சு, நம்ம புள்ளை கேக்குதேன்னு செஞ்சோம், உங்களுக்குத் தெரியாதா என்றார். தெரியும் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மேடைக்கு நான் வரமாட்டேன். பொய்யே சொல்லாதவள் என்று பீற்றிக்கொள்ளவில்லை, நாளைக்கு ரெடியாயிடும் என்று தினமும் சொல்லிப் பிழைப்பவள்தான். ஆனால் நாளைக்கு நிஜமாகவே கொடுத்துவிடுவேன். உன் வேலை போய்விடுமோ, மேலதிகாரி என்ன சொல்வாரோ என்று நீ பயந்திருப்பாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. அந்த ஆறு பேர் மேலும் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு. எனக்கு வயிறு எரிவதெல்லாம் ஒன்றுக்குத்தான். யார் சொன்னாலும் கேட்காத ஆறு பேர், நீ ஒரு போன் செய்ததும் ஒரே நேரத்தில் தீயை அணைத்தார்கள். அப்படி ஒரு செல்வாக்கு உனக்கு இந்தத் தெருவில் இருக்கிறது. அதை அம்மாவின் கூடத்துக்காக ஒரு நாள்கூட எடுக்காமல், ஒரு படத்துக்காகச் செலவழித்துவிட்டாயே.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், என் கோபத்தில் ஒரு துளிகூட உங்கள் மேல் படக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். குளிர் என்று எழுதியிருந்தாய், குட்டிக்குக் காதை மூடி அனுப்பு, நீயும் வேளைக்குச் சாப்பிடு. இதைப் படித்ததும் அழுதுகொண்டு எனக்குப் போன் செய்யாதே. ஆறு பேர் நம்பரும் உன்னிடம் இருக்கிறது, அவர்களுக்குச் செய்.

இப்படிக்கு,
இந்தத் தெருவில் உன் பேச்சை நிஜமென்று நம்பிய ஒரே கூடத்துக்காரி,
உன் அம்மா