சண்டை போட வா

என் தங்கமே,

இது அப்பாவே எழுதும் முதல் கடிதம். படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்குத் துணையாக முறை வைத்து உட்காரும் தெருக்காரர்களில் தையல்காரம்மாதான், அம்மா தூங்கும் நேரங்களில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். பார், வரி கோணவில்லை!

சரியாகத் தூங்கிப் பல நாளாயிற்று. கை வலிக்கிறது. இதையெல்லாம் போனில் சொன்னால் அம்மாவுக்குக் கேட்டுவிடும், அதனால்தான் கடிதம்.

நேற்று நீ போனில், "நீ சொல்றதுதாம்மா சரி" என்று இதமாகப் பேசினாய். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"பொண்ணு அன்பா பேசுனா சந்தோஷம்தானேக்கா?" என்றாள் தையல்காரம்மா.

"இவ என்கூட மல்லுக்கட்டாம போனை வெச்சதே இல்லடி. இன்னிக்கு என்னை வழியனுப்பிட்டா" என்றாள் அம்மா.

இங்கே வருகிறவர்கள் யாரும் "சரியாயிடும்" என்று சொல்வதில்லை. என்ன வேண்டும் என்றுதான் கேட்பார்கள். தையல்காரம்மாவும் கேட்டாள்.

"சண்டை போட ஆள் வேணும். இந்த மனுஷன் எல்லாத்துக்கும் தலையாட்டுறாரு."

நானும் தலையாட்டினேன்.

அடுத்த மாத லீவுக்குக் காத்திருக்காதே. இது கிடைத்த அன்றே கிளம்பு. வந்ததும், ஜன்னலை ஏன் அடைத்து வைத்திருக்கிறாய் என்று வழக்கம்போல அவளைத் திட்டு. நீ வரும்வரை அதை நான் திறக்க மாட்டேன்.

இருவருக்கும் நடுவே தலையாட்டக் காத்திருக்கும்,
அப்பா